பதிவுக்கு எண் கொடுப்பது யார் வேலை? டேட்டாபேஸ் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிசானம் அறுவடை மும்முரமாக நடக்கும் மாசி மாதம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. எடைமேடை முன்னால் நெல் லோடு வரிசைகட்டி நிற்கிறது. இரண்டு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரே டேட்டாபேஸ். ஒவ்வொரு லோடுக்கும் ஓர் எடைச்சீட்டு. இரண்டு ஜன்னலிலும் ஒரே நொடியில் ‘சேமி’ பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு சீட்டுக்கும் ஒரே எண் விழுந்தால் என்ன ஆகும்? ஒருவருடைய நெல்லுக்கான பணம் இன்னொருவர் கணக்கில் ஏறும். நாலு மாதம் வயலில் நின்றவருக்கு அதை விளக்கிச் சொல்லிச் சமாளிக்க முடியாது.

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ படித்து முடித்துவிட்டு, முதல் வேலையாக உள்ளூர் ஆலைக்கோ கடைக்கோ சாஃப்ட்வேர் எழுதப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டேபிள் போடத் தெரியும், இன்சர்ட், செலக்ட், அப்டேட் தெரியும் என்றால் போதும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் தனக்குள்ளே ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வைத்துக்கொள்ளும் எண் ஒன்று. அதை ஐடி என்று சொல்வோம். மனிதர்கள் கையில் வைத்துக்கொண்டு பேசும் எண் வேறு: சீட்டு எண், பில் எண், டோக்கன் எண். இந்த இரண்டையும் டேபிளின் ஒரே காலமில் (column, அதாவது நெடுவரிசையில்) போட்டு வைப்பதில் இருந்துதான் பாதிக்கு மேல் தொல்லை தொடங்குகிறது. ஐடி டேட்டாபேஸின் சொத்து. அதை டேட்டாபேஸே கொடுக்கட்டும், அதற்கு எந்த அர்த்தமும் இருக்க வேண்டாம். பில் எண் கடையின் சொத்து. அதற்கு விதிகள் உண்டு, அதைத் தனியாகக் கவனித்துச் செய்ய வேண்டும்.

எண்ணுக்குள் ஊரை வைக்காதீர்கள்

புதிதாக டேபிள் போடும் எல்லோருக்கும் வரும் ஆசை இது. விவசாயிக்கு ஐடி கொடுக்கும்போது மாவட்டக் குறியீடு, வட்டக் குறியீடு, அப்புறம் வரிசை எண் என்று கோத்துவிட்டால், பார்த்தவுடனே எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடுமே என்று தோன்றும்.

நம் பக்கத்து வரலாற்றையே பாருங்கள். 1986-ல் தூத்துக்குடி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2015-ல் ஒருவர் திருநெல்வேலி மாவட்டக் குறியீட்டை முன்னால் வைத்து சங்கரன்கோவில் விவசாயிகளுக்கெல்லாம் ஐடி கொடுத்திருந்தால், 2019-க்குப் பிறகு அவருக்கு இரண்டு வழிதான். ஐடியை மாற்றினால், அந்த ஐடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் எடைச்சீட்டு, பணப்பட்டுவாடா, முன்பணக் கணக்கு என்று எல்லா டேபிளிலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஐடி சொல்லும் ஊர் பொய். சரி, பின்கோடை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமா என்றால், தென்காசியின் பின்கோடு இன்றைக்கும் 627811 தான். 627 என்று தொடங்கும் எண்ணெல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்று கோட் எழுதியவர் தென்காசிக்காரரை இன்னும் நெல்லையிலேயே வைத்திருப்பார்.

ஊர் என்பது ஒரு தகவல். அதற்கு டேபிளில் ஒரு தனிக் காலம் (column) வையுங்கள். ஊர் மாறினால் அந்தக் காலமில் உள்ளது மட்டும் மாறும். ஐடி அப்படியே இருக்கும்.

செல்போன் எண்ணை ஐடியாக வைப்பதும் இதே கதைதான். பல விவசாயிகள் மகன் நம்பரைக் கொடுப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள். நம்பர் மாறும், கைவிட்ட நம்பர் வேறு ஆளுக்குப் போகும். ஆதார் எண்ணை ஐடியாக வைத்தால், அது எடைச்சீட்டு, லாக் ஃபைல் (நிகழ்வுப் பதிவேடு), எக்ஸெல் அறிக்கை என்று இருக்கக் கூடாத இடமெல்லாம் பரவிவிடும். ஒரு ஆலையின் எடைக் கணக்குக்கு அது தேவையே இல்லை.

நெல் ரகத்தின் பெயரை ஐடியாக வைக்கலாம், அது மாறாதே என்பார் ஒருவர். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகத்தை ஒருவர் ‘அம்பை 16’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘ஏ.எஸ்.டி. 16’ என்று அடிப்பார், மூன்றாமவர் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் அடிப்பார். நெல் ஒன்று, பதிவு மூன்று. ரகத்துக்கும் ஒரு சாதாரண எண் ஐடி கொடுங்கள். பெயர் காலமுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத விதி) போடுங்கள். ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும்.

மேக்ஸ் கூட்டல் ஒன்று: இதை மட்டும் செய்யாதீர்கள்

‘இருப்பதிலேயே பெரிய எண்ணை எடு, ஒன்று கூட்டு, அதைப் புதிய பதிவுக்குக் கொடு.’ செலக்ட் மேக்ஸ் போட்டு ஒன்று கூட்டும் இந்த முறை உங்கள் லேப்டாப்பில் எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே ஓடும். ஏனென்றால் சோதிப்பது நீங்கள் ஒருவர்தான். அறுவடைக் காலத்தில் இரண்டு ஜன்னல் திறந்ததும்தான் உடையும்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே செய்து பாருங்கள். இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் ஒரே டேட்டாபேஸுக்குள் போங்கள். முதலாவதில் பிகின் அடித்து, செலக்ட் மேக்ஸ் அடியுங்கள். (பிகின் அடித்தால் ஒரு டிரான்சாக்ஷன் தொடங்கும்: அதற்குள் செய்வதெல்லாம் கமிட் அடித்தால் உறுதியாகும், ரோல்பேக் அடித்தால் ரத்தாகும்.) 412 என்று வரட்டும். அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டாவதில் பிகின், செலக்ட் மேக்ஸ். அங்கேயும் 412 தான். இப்போது இரண்டிலும் 413 என்று இன்சர்ட் செய்யுங்கள்.

அந்த எண் இருக்கும் காலம் பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும், இரட்டை வராத காலமாக) இருந்தால், இரண்டாவது இன்சர்ட் முதலாவதற்காகக் காத்து நிற்கும். முதலாவதில் கமிட் அடித்ததும் இரண்டாவதில் ‘டூப்ளிகேட் கீ’ என்று பிழை வரும். அது நல்லது, தவறு உள்ளே போகவில்லை. பிரைமரி கீயோ யூனிக் கட்டுப்பாடோ இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் இரண்டு 413 உட்கார்ந்துவிடும். யாரும் கவனிக்க வாரக்கணக்கில் ஆகும்.

பிகின், கமிட் என்று டிரான்சாக்ஷனுக்குள் வைத்துவிட்டோமே, பிறகு எப்படி மோதும் என்று பலர் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இயல்பாக இயங்கும் ‘ரீட் கமிட்டட்’ நிலையில், மற்றவர் இன்னும் கமிட் செய்யாத பதிவு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு பேருமே 412-ஐத்தான் பார்க்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு நிலை வேறு பெயர் கொண்டது, ஆனால் இந்த விஷயத்தில் முடிவு அதேதான். ‘சீரியலைசபிள்’ நிலைக்கு ஏற்றினால் இருவரில் ஒருவர் பிழையோடு வெளியேற்றப்படுவார், நீங்கள் மறுபடி முயலும் கோட் எழுத வேண்டும். டேபிள் முழுவதையும் லாக் செய்தால் (மற்றவர் தொடாதபடி பூட்டினால்) ஒரு ஜன்னல் வேலை செய்யும்போது மற்ற ஜன்னல் சும்மா நிற்கும். ஓர் ஐடிக்காக இவ்வளவு கஷ்டம் வேண்டியதில்லை.

கவுன்ட் போட்டு ஒன்று கூட்டுவது இன்னும் மோசம். நடுவில் ஒரு பதிவை நீக்கினால் போதும், ஏற்கெனவே இருக்கும் எண்ணே மறுபடி வரும். தேதியையும் நேரத்தையும் சேர்த்து ஐடி ஆக்குவதும் பாதுகாப்பல்ல. மில்லிநொடி வரை எடுத்தாலும் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே மில்லிநொடியில் எழுத முடியும். சிலர் ஆறு இலக்க ரேண்டம் எண் போடுவார்கள். ஆறு இலக்கத்தில் 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் எண்கள் இருக்கின்றனவே, எங்கே மோதப்போகிறது என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 1,180 பதிவு சேர்ந்ததுமே அவற்றில் ஏதாவது இரண்டு மோதியிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது.

டேட்டாபேஸிடமே விடுங்கள்

எல்லா டேட்டாபேஸிலும் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. எத்தனை பேர் ஒரே நொடியில் கேட்டாலும் ஒவ்வொருவருக்கும் வேறு எண் கொடுக்கும்.

போஸ்ட்கிரெஸில் இப்போது செய்ய வேண்டியது: ஐடி காலமை ‘பிக்இன்ட் ஜெனரேட்டட் ஆல்வேஸ் அஸ் ஐடென்டிட்டி பிரைமரி கீ’ என்று அறிவிப்பது. 2017-ல் வந்த 10-ஆவது பதிப்பிலிருந்து இது உண்டு. பழைய பாடங்களில் ‘சீரியல்’ என்று பார்ப்பீர்கள். அதுவும் ஓடும், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் ஐடென்டிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லுக்குப் பலன் உண்டு. யாராவது கோடில் தாங்களே ஒரு ஐடியைத் திணிக்கப் பார்த்தால் டேட்டாபேஸ் மறுத்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் ‘பிக்இன்ட் ஆட்டோ இன்க்ரிமென்ட்’. எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஐடென்டிட்டி’. ஆரக்கிளில் நெடுநாளாக சீக்வென்ஸ் (கேட்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த எண்ணைத் தருவது). 12சி பதிப்பிலிருந்து ஐடென்டிட்டி காலமும் உண்டு. எஸ்க்யூஎல்லைட்டில் ‘இன்டிஜர் பிரைமரி கீ’ என்று போட்டாலே தானாக எண் கொடுக்கும்.

நீக்கப்பட்ட எண் மறுபடி வருமா என்பதை மட்டும் கவனியுங்கள். எஸ்க்யூஎல்லைட்டில் ‘ஆட்டோஇன்க்ரிமென்ட்’ என்ற சொல்லையும் சேர்க்காவிட்டால், கடைசிப் பதிவை நீக்கியதும் அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் சர்வரை நிறுத்தி மறுபடி துவக்கினால், டேபிளில் மிச்சமிருக்கும் பெரிய எண்ணிலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்கும். ஆகவே கடைசியாக நீக்கிய எண்கள் திரும்ப வரும். 8.0 முதல் அந்தக் கணக்கு டிஸ்கிலும் பதிவாகிறது. பழைய ஐடி ஒன்றைக் குறித்துவைத்த அறிக்கையோ இன்னொரு டேபிளோ இருக்கும்போது அதே எண் வேறு லோடைக் காட்டுவது, இரட்டை எண் விழுவதற்குச் சமமான ஆபத்து.

இன்ட் வேண்டாம், பிக்இன்ட் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? இன்ட்டின் உச்சம் 2147483647. எடைச்சீட்டுக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனால் எடைமேடை சென்சாரின் ரீடிங்கை நொடிக்குப் பத்து முறை பதியும் டேபிள் ஒன்று வைத்தால், ஏழு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்த அன்றைக்கு ஒரு பதிவுகூட உள்ளே போகாது. பதிவுக்கு நாலு பைட் கூடுதல், அவ்வளவுதான் செலவு. அந்த ஐடியைச் சுட்டும் ஃபாரின் கீ காலங்களையும் பிக்இன்ட்டாகவே வையுங்கள். இதை மறப்பவர்கள் நிறைய.

கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்குவது

எடைச்சீட்டைச் சேமித்தாயிற்று. அதன் கீழ் மூட்டை வாரியான விவரங்களை வேறொரு டேபிளில் எழுத வேண்டும். அதற்குச் சீட்டின் ஐடி வேண்டும். இங்கே போய் மறுபடி செலக்ட் மேக்ஸ் போட்டால், இவ்வளவு நேரம் தப்பித்த பள்ளத்தில் திரும்ப விழுவோம். நீங்கள் கேட்பதற்குள் அடுத்த ஜன்னல் ஒரு சீட்டு போட்டிருந்தால், இவர் மூட்டைகள் அவர் சீட்டில் ஏறும்.

போஸ்ட்கிரெஸில் இன்சர்ட் வாக்கியத்தின் கடைசியில் ‘ரிட்டர்னிங் ஐடி’ என்று சேருங்கள். இன்சர்ட் செய்த அதே கட்டளை ஐடியையும் கையில் கொடுத்துவிடும். மரியாடிபி 10.5-லும் எஸ்க்யூஎல்லைட் 3.35-லும் இருந்து அங்கேயும் இது உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’ என்ற ஃபங்ஷன். அது உங்கள் கனெக்‌ஷனுக்கு மட்டும் சொந்தமானது, பக்கத்து ஜன்னல் என்ன செய்தாலும் கலங்காது. ஒரே இன்சர்ட்டில் பல பதிவுகளைச் சேர்த்தால் முதல் பதிவின் ஐடியைத்தான் தரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கனெக்‌ஷன் பூல் (ஏற்கெனவே திறந்து வைத்த இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை) பயன்படுத்தினால், இன்சர்ட் போன அதே கனெக்‌ஷனில்தான் கேட்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஸ்கோப் ஐடென்டிட்டி’ பயன்படுத்துங்கள். இரண்டு ஆட் குறி போட்ட பழைய ஐடென்டிட்டி வேரியபிள் வேண்டாம், அந்த டேபிளில் ஒரு டிரிகர் (பதிவு சேர்ந்ததும் தானாக ஓடும் கட்டளை) இருந்தால் டிரிகர் எழுதிய வேறு டேபிளின் எண்ணை அது தந்துவிடும்.

417 எங்கே போனது?

சாஃப்ட்வேர் கொடுத்த ஒரு மாதத்தில் ஆலை முதலாளியிடமிருந்து இந்தக் கேள்வி கட்டாயம் வரும். “தம்பி, 416 இருக்கு, 418 இருக்கு. 417 எங்க போச்சு? யாராவது சீட்டை அழிச்சிட்டாங்களா?” ஐடியையே சீட்டு எண்ணாக அச்சடித்திருந்தால் உங்களிடம் நல்ல பதில் இருக்காது.

அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைத் தப்பாக எழுதிக் கிழித்துவிட்டால் அடுத்த தாளின் எண் பின்னால் வருவதில்லை. ஐடிக்கு எண் கொடுக்கும் சீக்வென்ஸும் அப்படித்தான். எண்ணை வாங்கிய டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் எண் திரும்பிப் போகாது. அப்படித் திருப்பி வாங்க வேண்டும் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் எல்லோருக்கும் கொடுப்பதற்காகவே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். ரோல்பேக் மட்டும் காரணம் இல்லை. சீக்வென்ஸ் சில எண்களை முன்கூட்டியே எடுத்து மெமரியில் வைத்துக்கொள்ளும், சர்வர் திடீரென்று நின்றால் அவை போய்விடும். எஸ்க்யூஎல் சர்வர் 2012 பதிப்பிலிருந்து, சர்வர் எதிர்பாராமல் நின்று எழுந்தால் இன்ட் ஐடி சட்டென்று ஆயிரம் தாண்டிவிடுவதைப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ (மோதினால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) போட்ட இன்சர்ட், பதிவே சேராமல் போனாலும் ஓர் எண்ணைச் செலவழித்துவிடும். இவை எதுவும் கோளாறு அல்ல. ஐடிக்கு வேண்டியது ஒன்றே: இரண்டு முறை வரக்கூடாது. தொடர்ச்சி அதன் வேலை இல்லை.

ஆனால் பில்லுக்குத் தொடர்ச்சி வேண்டும். ஜிஎஸ்டி விதி 46 வரி விலைப்பட்டியலின் எண்ணைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: தொடர் வரிசை எண்ணாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. எழுத்து, எண், இடைக்கோடு, சாய்கோடு பயன்படுத்தலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி அனுமதி நமக்குப் பெரிய உதவி; ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்குத் தனியாக ஓர் எண்ணி (கவுன்டர்) டேபிள் போடுங்கள். மூன்று காலம் போதும்: வரிசையின் பெயர், நிதியாண்டு, கடைசி எண். முதல் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ. பில் போடும்போது ஒரே டிரான்சாக்ஷனுக்குள் நடக்க வேண்டியது இது. பிகின். எண்ணி டேபிளில் அந்த வரிசை, அந்த ஆண்டுக்கான பதிவை ‘அப்டேட், கடைசி எண் சமம் கடைசி எண் கூட்டல் ஒன்று’ என்று மாற்றி, ‘ரிட்டர்னிங்’ போட்டுப் புதிய எண்ணை வாங்குங்கள். அந்த எண்ணோடு பில்லை இன்சர்ட் செய்யுங்கள். கமிட்.

மேக்ஸ் கூட்டல் ஒன்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அப்டேட் செய்த கணத்திலிருந்து கமிட் வரை அந்தப் பதிவு உங்கள் லாக்கில் இருக்கிறது. பக்கத்து ஜன்னல் அதே பதிவை அப்டேட் செய்ய வந்தால் காத்து நிற்கும். நீங்கள் கமிட் செய்தால் அவர் புதிய எண்ணைப் பார்த்து அதற்கு மேல் ஒன்று கூட்டுவார். நீங்கள் ரோல்பேக் செய்தால் எண்ணியும் பழையபடி ஆகிவிடும், உங்களுக்கு வந்த எண்ணே அவருக்குப் போகும். ஓட்டை விழாது, இரட்டையும் விழாது. முதலில் செலக்ட் செய்து பார்த்துவிட்டுப் பிறகு அப்டேட் செய்ய வேண்டும் என்றால், அந்த செலக்ட்டின் முடிவில் ‘ஃபார் அப்டேட்’ சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாத செலக்ட் லாக் பிடிக்காது.

மைஎஸ்க்யூஎல்லில் அப்டேட்டுக்கு ரிட்டர்னிங் கிடையாது. அங்கே ‘கடைசி எண் சமம் லாஸ்ட் இன்சர்ட் ஐடி, அடைப்புக்குள் கடைசி எண் கூட்டல் ஒன்று’ என்று அப்டேட் செய்துவிட்டு, அடுத்த வரியில் லாஸ்ட் இன்சர்ட் ஐடியைக் கேட்டால் உங்கள் எண் வரும்.

காத்திருப்பு என்ற விலையைக் கொடுத்துத்தான் தொடர்ச்சியை வாங்குகிறோம். அதனால் அந்தக் காத்திருப்பைச் சின்னதாக்க வேண்டும். வாடிக்கையாளர் யார், மூட்டை எத்தனை, விலை என்ன என்ற சரிபார்ப்பையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, கமிட்டுக்கு முந்தைய வேலையாக எண்ணை வாங்குங்கள். எண்ணை வாங்கிய பிறகு வெளி சர்வரோடு பேசுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது எதுவும் டிரான்சாக்ஷனுக்குள் வேண்டாம். பிரின்ட் எடுப்பதும் கமிட் முடிந்த பிறகுதான். முன்பே அச்சடித்துக் கொடுத்து, அதன் பின் ரோல்பேக் ஆனால், தாளில் இருக்கும் எண் அடுத்த ஆளுக்கும் போகும். இந்த ஒரு தவறினால் மேலே செய்த கட்டுப்பாடெல்லாம் வீணாகும்.

இப்போது பல வரிசைகளின் உதவி. இரண்டு ஜன்னலுக்கும் தனித்தனி வரிசை கொடுத்துவிட்டால் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவே வேண்டாம். முதல் ஜன்னலுக்கு ‘ஏ/26-27/00417’ என்ற வடிவம் என்றால், ஆங்கில எழுத்தில் எழுதும்போது 13 எழுத்துதான், 16-க்குள் அடங்கும். இதை ஒரே சரமாகச் சேமிக்காமல் வரிசை, ஆண்டு, எண் என்று மூன்று காலமாகவே பில் டேபிளில் வைத்து, மூன்றும் சேர்ந்து யூனிக் என்று கட்டுப்பாடு போடுங்கள். திரையிலும் தாளிலும் காட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுப்பாடு இருந்தால், நாளைக்கு வேறு யாராவது எண்ணி டேபிளைச் சுற்றிக்கொண்டு வந்து பில் போடும் கோட் எழுதினாலும் இரட்டை எண் உள்ளே போகாது.

ஏப்ரல் 1 காலையில் புதிய ஆண்டுக்கான பதிவு எண்ணி டேபிளில் இல்லாவிட்டால் அப்டேட் எதையும் தொடாது, பில் போட முடியாமல் நிற்கும். மார்ச்சிலேயே அந்தப் பதிவுகளைப் பூஜ்யத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். ரத்தான பில்லை ஒருநாளும் டெலீட் செய்யாதீர்கள். ‘ரத்து’ என்று நிலை மாற்றி, காரணத்தோடு அப்படியே இருக்கட்டும். அப்போது முதலாளி 417-ஐக் கேட்டால், “ரத்தான பில் அண்ணாச்சி, இதோ இருக்கு” என்று காட்டலாம்.

சிக்னல் இல்லாத வயலில்

களத்துமேட்டில் நின்று டேப்லெட்டில் லோடு விவரம் பதிகிறார் ஆலையின் ஆள். பாபநாசம் மலையடிவாரத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. மைய டேட்டாபேஸிடம் எண் கேட்க வழி இல்லை. யாரிடமும் கேட்காமல் தானே ஐடி உண்டாக்கிக்கொள்ள வேண்டிய இந்த மாதிரி இடத்துக்குத்தான் யூயூஐடி (UUID) என்ற நீண்ட அடையாள எண்.

யூயூஐடி 128 பிட் நீளம். 4-ஆம் வகையில் 122 பிட் ரேண்டம். முன்னால் சொன்ன ஆறு இலக்கக் கணக்கை இங்கே போட்டால், பாதிக்குப் பாதி மோதல் வாய்ப்பு வர ஏறக்குறைய 27,000 கோடி கோடி ஐடிகள் வேண்டும். ஆனால் ரேண்டம் நல்ல இடத்திலிருந்து வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். உங்கள் மொழியில் யூயூஐடிக்கென்று இருக்கும் ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டின் ‘மேத் ரேண்டம்’ வைத்து நீங்களே கோக்காதீர்கள்.

4-ஆம் வகையில் ஒரு குறை உண்டு. எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதால் இண்டெக்ஸில் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலில்) அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருக வேண்டியிருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, பிரைமரி கீயின் வரிசையிலேயே டேபிளை அடுக்கி வைப்பதால் அங்கே இந்தச் சுமை கூடுதல். மற்ற இண்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் பிரைமரி கீயைச் சுமக்கின்றன. 2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த 7-ஆம் வகை இதைத் தீர்க்கிறது: முதல் 48 பிட் மில்லிநொடி நேரம், மிச்சத்தில் பெரும்பகுதி ரேண்டம். புதியவை வரிசையாகக் கடைசியில் சேரும். போஸ்ட்கிரெஸ் 18-ல் இதற்கு ஃபங்ஷன் உள்ளேயே வந்துவிட்டது. டேப்லெட்டின் கடிகாரம் தப்பாக இருந்தால் வரிசை கொஞ்சம் கலையும். ஆனால் ரேண்டம் பகுதி இருப்பதால் தனித்தன்மைக்குப் பங்கம் இல்லை. 7-ஆம் வகை ஐடியைப் பார்ப்பவர் அது உருவான நேரத்தைப் படித்துவிடலாம் என்பது தெரிந்திருக்கட்டும்.

சேமிக்கும்போது போஸ்ட்கிரெஸில் ‘யூயூஐடி’ வகை, மைஎஸ்க்யூஎல்லில் ‘பைனரி 16’. 36 எழுத்துச் சரமாகச் சேமித்தால் 16 பைட்டில் முடிய வேண்டியது இரட்டிப்புக்கு மேல் போகும்.

டேப்லெட் ஐடி உண்டாக்குவதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் வேறொன்று. விவரத்தை அனுப்பியாயிற்று, சர்வர் பதிந்தும்விட்டது, ஆனால் ‘பதிந்தேன்’ என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. டேப்லெட்டுக்கு ஒன்றும் தெரியாது, மறுபடி அனுப்பும். ஐடியை சர்வர் கொடுக்கும் முறையில் ஒரே லோடு இரண்டு பதிவாகிவிடும். லோடைப் பதிந்த கணத்திலேயே டேப்லெட் ஐடி போட்டுவிட்டு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே ஐடியோடு அனுப்பினால், இரண்டாவது முறை பிரைமரி கீ தடுத்துவிடும். சர்வர் அதைப் பிழையாகக் காட்டாமல் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதில் சொன்னால் போதும். மறுபடி அனுப்பும்போது புதிதாக ஐடி உண்டாக்கும் கோடை எழுதிவிடாதீர்கள். இந்த முறையின் உயிரே அதே ஐடி திரும்ப வருவதில்தான் இருக்கிறது.

சிக்னல் பிரச்சினை இல்லாத, ஒரே டேட்டாபேஸ் உள்ள ஆலைக்கு யூயூஐடி தேவையில்லை. பிக்இன்ட்டே சின்னது, வேகமானது, படிக்கவும் எளிது. ‘வரிசை எண்ணை வெப் முகவரியில் போட்டால் அடுத்தவர் பில்லை எண் மாற்றிப் பார்த்துவிடுவார்களே’ என்று சிலர் யூயூஐடிக்குத் தாவுவார்கள். அந்தப் பில்லைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பதுதான் அதற்கு மருந்து. ஊகிக்க முடியாத ஐடி கடவுச்சொல் ஆகிவிடாது.

பழைய எக்ஸெலைக் கொண்டுவரும்போது

பெரும்பாலும் ஆலையில் ஏற்கெனவே ஒரு எக்ஸெல் இருக்கும், அதில் பழைய சீட்டு எண்களும் இருக்கும். அவற்றை ‘பழைய எண்’ என்று தனிக் காலமில் வைத்துவிட்டு ஐடியைப் புதிதாகக் கொடுக்க விடுவதே என் பரிந்துரை. பழைய எண்களில் இரட்டை, விடுபட்டது, எழுத்து கலந்தது எல்லாம் இருக்கும்.

வேறொரு டேட்டாபேஸிலிருந்து ஐடியோடு சேர்த்தே கொண்டுவர வேண்டிய கட்டாயம் இருந்தால், போஸ்ட்கிரெஸில் ‘ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ’ என்று சொல்லி இன்சர்ட் செய்யலாம். ஆனால் அதன் பிறகு சீக்வென்ஸ் இன்னும் 1-லேயே நிற்கும். அதற்கு நீங்கள் சேர்த்தது தெரியாது. அடுத்த நாள் முதல் சீட்டிலேயே டூப்ளிகேட் கீ பிழை வரும். ‘செட்வால்’ ஃபங்ஷனில் டேபிளின் மேக்ஸ் ஐடியைக் கொடுத்து சீக்வென்ஸை நகர்த்துங்கள். யாரும் பதிவு போடாத நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். மேக்ஸுக்கு நியாயமான வேலை இது ஒன்றுதான். மைஎஸ்க்யூஎல் தானாகவே நகர்ந்துகொள்ளும்.

கொடுப்பதற்கு முன் உடைத்துப் பாருங்கள்

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, இருபது கனெக்‌ஷன் திறந்து, ஒவ்வொன்றும் ஐந்நூறு பில் ஒரே வரிசையில் போடட்டும். அதில் பத்தில் ஒன்றை வேண்டுமென்றே ரோல்பேக் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்டை ஒருமுறை கொன்றுவிட்டு மறுபடி துவக்குங்கள். முடிந்ததும் மூன்றைப் பாருங்கள். பில் எண்ணின் கவுன்ட்டும் டிஸ்டிங்க்ட் கவுன்ட்டும் (இரட்டைகளை ஒன்றாக எண்ணும் கவுன்ட்) ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வரிசையின் மிகப் பெரிய பில் எண், பில்களின் எண்ணிக்கைக்கும் எண்ணி டேபிளில் உள்ள கடைசி எண்ணுக்கும் சமமாக இருக்க வேண்டும். ஐடி காலமில் மட்டும் நடுநடுவே எண்கள் விட்டுப்போயிருக்கும். ரோல்பேக் செய்தும் அங்கே ஓர் ஓட்டைகூட இல்லை என்றால், ஐடியை டேட்டாபேஸ் கொடுக்கவில்லை, கோடில் எங்கோ யாரோ மேக்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்குங்கள்.